அமாவாசை மேனேஜர்

"எனக்குப் பந்தே வரலீங்க அண்ணி."

என் கொழுந்தன் கைலாசம் ஒரு நாள் தவறாமல் சொன்ன குறை இது. காலையில் பல் விளக்கிக்கொண்டே சொல்வான். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வான். தறியில் நூல் அறுந்தால் அதை முடிந்துகொண்டே சொல்வான். ஆட்டம் போன மாதம் நடந்திருக்கும். தோற்றது ஊருக்கே மறந்து போயிருக்கும். பதினோரு பேர் ஆடிய ஆட்டத்தில் மற்றப் பத்துப் பேரும் கூடிப் பேசி, தனக்குப் பந்து வராமல் பார்த்துக்கொண்டார்கள் என்பது அவன் நினைப்பு.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "பந்து வரலைன்னா நீ அதுகிட்டப் போறதுதானே? வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சாத்தான் போவியா?" என்று கேட்டேன்.

"அண்ணி, நான் பார்வர்டுங்க. பார்வர்டு கோலுக்கு முன்னால நிக்கோணும். பந்துதான் வரோணும்."

"நிக்கறதுக்கு ஒரு அம்மிக்கல்லு போதுமே. உனக்கு எதுக்குச் சோறு ஆக்கிப் போடறேன்?"

தட்டை நீட்டினான். சோறு மட்டும் இன்னொரு கரண்டி வேண்டும்.

நான் சேலம் அம்மாபேட்டைக்கு வாக்கப்பட்டு வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. என் வீட்டுக்காரர் சுப்பையனுக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லை. ஆகையால் அவன் என் தலையில் விழுந்தான். எங்களுக்கு நெசவுத் தொழில். வீட்டுக்குள் இரண்டு குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, நாள் முழுக்க மிதியை மிதித்து நெய்ய வேண்டும். பதினாறு வயதில் அவனும் குழியில் உட்கார்ந்தான். கெட்டிக்காரன் என்று சொல்ல மாட்டேன். மோசம் என்றும் சொல்ல முடியாது.

இருபது வயதில் இந்தப் பந்துப் பைத்தியம் பிடித்தது. ரிசர்வ் போலீஸ்காரர்கள் பந்து உதைப்பதை முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தான். அவர்கள் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட கிழிந்த பந்து ஒன்றைக் கேட்டு வாங்கி, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டான். தெருவில் இருந்த நெசவுக்காரப் பையன்கள் பத்துப் பேரைச் சேர்த்தான். அம்மாபேட்டை வாலிபர் புட்பால் சபை என்று பெயரும் வைத்தாயிற்று. ஏரிக்கரையில் ஒரு மேடு. அதுதான் மைதானம்.

குழித்தறி மிதிக்கிற கால் சும்மா இருக்குமா? ஒவ்வொருவனும் உதைத்தால் பந்து அடுத்த தெருவில் போய் விழும். எந்த வீட்டுக் கூரையில் விழும் என்று உதைத்தவனுக்கே தெரியாது. நான் இரண்டு முறை ரசப் பானையை மாற்றியிருக்கிறேன்.

ஆடுவது அமாவாசைக்கு அமாவாசை. எங்கள் தெருவில் தறி நிற்பது மாதத்துக்கு ஒரு நாள், அது அமாவாசைதான். ஞாயிற்றுக்கிழமை என்பதெல்லாம் சர்க்கார் கச்சேரியில் வேலை பார்ப்பவர்களுக்கும் பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்கும். எங்களுக்கு அன்றைக்கும் தறி ஓடும். "நாளைக்கு லீவு" என்று எங்கள் தெருவில் ஒருவர் சொன்னால் நாளைக்கு அமாவாசை என்றுதான் பொருள். நான்கு வயதுக் குழந்தைக்கும் அது தெரியும்.

ஏழு வருடம் ஆடினான். அந்த ஏழு வருடத்தில் கைலாசம் போட்ட கோல் ஒன்று. இராசிபுரத்தில் நடந்தது. அவன் எதிரிப் பக்கத்துக் கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு, "இங்க குடு, இங்க குடு" என்று கத்திவிட்டு, யாரும் கொடுக்கவில்லை என்ற கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறான். அந்த நேரம் பார்த்து எவனோ உதைத்த பந்து அவன் முதுகில் பட்டு உள்ளே போய்விட்டது. அங்கிருந்து வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொன்னார்கள். அவன் சொன்னது வேறு. ஒரு வருடம் கழித்து முதுகு தோளாயிற்று. இரண்டு வருடம் கழித்துத் தோள் தலையாயிற்று. கடைசியில் கேட்டால், காற்றில் ஒரு ஆள் உயரம் எழும்பித் தலையால் முட்டினானாம்.

பெண் கொடுக்க ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்தவர்களிடமும் அந்தக் கோலைத்தான் சொன்னான். எழும்பிக் காட்டினான். பெண்ணின் தகப்பனார் மோரைக் குடித்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு ஒடம்பு செரியானதும் பேசிக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. அவனும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சோறுதான் இங்கே கிடைக்கிறதே.

ஆட்டம் நின்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் போலீஸ் ஆள் ஒருவன் பூட்ஸ் காலால் முட்டியில் உதைத்து ஒழித்துவிட்டான் என்று அவன் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். போலீஸ்காரன் யாரும் அவனை உதைக்கவில்லை. ஏரிக்கரைக்குப் போகிற அவசரத்தில் தறியிலிருந்து எழுந்தவன், மிதியில் கால் சிக்கித் தன் தறிக்குழிக்குள்ளேயே விழுந்தான். கையைப் பிடித்துத் தூக்கிவிட்டவள் நான். முட்டி பூசணிக்காய் போல வீங்கியது. எண்ணெய் காய்ச்சி ஊற்றியவளும் நான். அதனால் போலீஸ்காரன் கதை என்னிடம் மட்டும் எடுபடாது.

முட்டி போனதும் விட்டுத் தொலைப்பான் என்று நினைத்தேன். மறு அமாவாசைக்கு ஒரு விசில், ஒரு குடை, யாரோ கொடுத்த பழைய கறுப்புக் கோட்டு, இவற்றோடு புறப்பட்டான்.

"எங்கே போறே, கோர்ட்டுக்கா?" என்றேன்.

"இனிமே நான் மேனேஜருங்க அண்ணி."

"எதுக்கு மேனேஜரு?"

"டீமுக்கு."

"டீமுக்கு எதுக்குடா மேனேஜரு? பதினோரு பேரு உதைக்கறதை நீ ரிஜிஸ்டர்ல எழுதப் போறியா?"

என் வீட்டுக்காரர் தறியிலிருந்தபடியே, "உடு, குழிக்குள்ள உழுகாம இருந்தாச் சரி" என்றார்.

மேனேஜர் என்ற சொல் அந்தக் காலத்தில் பெரிய சொல். எஸ்டேட்டுக்கு மேனேஜர் உண்டு, மில்லுக்கு உண்டு. வெறுங்காலோடு ஆடுகிற பதினோரு நெசவுக்காரர்களுக்கு மேனேஜர் என்று கேட்டால் சிரிக்கத்தான் தோன்றும். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. யாராவது கைலாசம் என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மேனேஜர் என்றால் திரும்புவான். தயிர்க்காரிகூடத் தெரிந்துகொண்டு, "மேனேஜரே, உங்க ஊட்டுல இன்னிக்கு எவ்வளவு வேணுமுங்க?" என்று அவனையே கேட்க ஆரம்பித்தாள். இவனும் அரைப்படி சேர்த்துச் சொல்லிவிடுவான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆடத் தெரியாதவனுக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரன் புத்தகத்தில் என்ன எழுதியிருந்ததோ, அது இவனுக்குத் தெரியாது. தறிதான் தெரியும். அதை வைத்தே சொன்னான். "ஒவ்வொருத்தனும் ஒரு பாவு நூலுடா. நேரா ஓடு, நேரா வா. குறுக்க வராத. பந்துதான் நாடா. அது மட்டும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் குறுக்க ஓடோணும். எங்கியும் நிக்கப்படாது." பாவு என்பது தறியில் நீளவாட்டில் நிற்கும் நூல். நாடா அதற்குக் குறுக்கே ஓடி ஊடை நூலைப் போடும் கட்டை. அதை மாற்றி மாற்றித் தள்ளிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று விளங்கியது. ஏழு வருடம் கண்ட இடத்துக்கு உதைத்தவர்கள், பந்தை இடமும் வலமுமாக மாற்றிக் கொடுத்து ஆட ஆரம்பித்தார்கள். ஜெயிக்கவும் ஆரம்பித்தார்கள். ஜெயித்தால் அது மேனேஜர் மூளை. தோற்றால் "நான் சொன்னதை எவன் கேட்டான்?"

அந்த நாடாவைச் சரியாக ஓட்டியவன் சின்னண்ணன் என்ற பையன். காப்டன் அவன்தான். பெருமாயி என்று எங்கள் தெருக்கோடியில் இருந்தவளின் மகன். அப்பா இல்லை. கல்யாணத்துக்கு நிற்கிற தங்கைகள் இரண்டு பேர். வாடகைத் தறி. முப்பத்தாறாம் வருடம் ஜப்பான் துணி வந்து குவிந்து, எங்கள் தெருவிலேயே பாதித் தறி சும்மா கிடந்த நேரம். சின்னண்ணனுக்கு மாதத்தில் பதினைந்து நாள் பாவு கிடைத்தால் அதிகம். அந்த வீட்டில் மத்தியானம் அடுப்புப் புகைந்து நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் டவுனில் வக்கீல்களும் வாத்தியார்களும் சேர்ந்து ஒரு கப் ஆட்டம் நடத்தினார்கள். எங்கள் ஆட்கள் அரை இறுதி வரை வந்துவிட்டார்கள். அந்த ஆட்டம் எங்கள் ஏரிக்கரையிலேயே நடந்தது. பள்ளிபாளையம் பக்கத்து நூல் மில் ஒன்றின் ஏஜெண்டு அன்றைக்கு நூல் விற்க அம்மாபேட்டைக்கு வந்திருந்தார். நின்று பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் சின்னண்ணனைக் கூப்பிட்டு, "எங்க மில்லுலயும் டீம் இருக்குது. கடைசி ஆட்டம் பாக்க எங்க மேனேஜரே வருவாரு. உன் ஆட்டம் அவருக்குப் புடிச்சா மில்லுல வேலை. ஒரே ஒரு எடந்தான் இருக்குது. தை மாசம் ஆள் எடுக்கறவரைக்கும் அது காலியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெருமாயி என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, மில்லு வேலைங்கக்கா. மாசம் தவறாத சம்பளங்கக்கா. மூத்தவளை இந்தத் தையிலயே கட்டிக் குடுத்துருவேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அந்த வீட்டில் மூன்று பெண்களின் சோறும் ஒரு ஆட்டத்தில் இருந்தது. அந்த ஆட்டம் என் கொழுந்தன் கையில் இருந்தது.

வைகாசிக் கடைசியில் ஒரு கார்டு வந்தது. "கடைசி ஆட்டம் வருகிற லீவு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, கோர்ட்டுப் பக்கத்து மைதானத்தில்." தேதி போடவில்லை. எழுதியவர் வக்கீல் குமாஸ்தா. அவருக்கு லீவு என்றால் எது என்று சொல்லவும் வேண்டுமா?

சின்னண்ணன் கார்டைப் பார்த்துவிட்டுத் தயங்கினான். "ஏனுங்கண்ணா, இது எந்த லீவுன்னு ஒரு நடை போய்க் கேட்டுட்டு வந்தர்லாமுங்களா? டவுனுக்காரங்களுக்கு ஞாயித்துக்கெழமையும் லீவுதானுங்களே?"

"லீவுன்னா லீவுதான்டா. அமாவாசை எப்பன்னு போய்க் குமாஸ்தாகிட்டக் கேட்டா, என்னை மேனேஜர்னு மதிப்பானா?"

"கேட்டா என்ன கொறைஞ்சா போயிரும்?" என்று நானும் உள்ளேயிருந்து சொன்னேன்.

"அண்ணி, அரை மைல் நடந்து போய் அசிங்கப்படச் சொல்றீங்களா? எனக்கு முட்டி வேற."

போலீஸ்காரன் உதைத்த முட்டி. அது வேலைக்கு மட்டும் வலிக்கும்.

ஆனி அமாவாசை வெள்ளிக்கிழமை வந்தது. பந்துக்குக் குங்குமம் வைத்தார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். சின்னண்ணன் வேட்டியைத் துவைத்து மடித்து வைத்திருந்தான். கறுப்புக் கோட்டும் குடையுமாக மேனேஜர் முன்னால் நடக்க, பதினோரு பேரும் பின்னால் போனார்கள். தெருவே வழியனுப்பியது.

போன வேகத்தில் திரும்பினார்கள். மைதானத்தில் ஆள் இல்லை. கோலுக்கு நட்ட மூங்கில்கூட இல்லை, பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். வாட்ச்மேன் ஒருவன் எட்டிப் பார்த்து, "ஆட்டம் போன ஞாயித்துக்கெழமையே முடிஞ்சு போச்சுங்களே. நீங்க யாரு?" என்று கேட்டானாம். எதிராளிகள் அரைமணி நேரம் காத்திருந்து, எங்கள் ஆட்கள் வராததால் கப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மில் மேனேஜரும் வந்திருந்தார். அவரும் அரைமணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

சின்னண்ணன் மைதானத்து நடுவிலேயே உட்கார்ந்துவிட்டானாம். எழுப்பிக் கூட்டிவர மூன்று பேர் வேண்டியிருந்தது.

அன்றைக்கே சாயங்காலம் பெருமாயி எங்கள் வாசலில் வந்து நின்றாள். சண்டை போடுகிற பெண் இல்லை அவள். அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை. "கைலாசம், நீ தெரியாம பண்ணுனா நான் பொறுத்துக்குவேன் சாமி. என்ற பையன் கேக்கச் சொன்னானாமே? அப்பறம் ஏன் கேக்கலை?" என்றாள். கைலாசம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போய்விட்டாள்.

நாலாம் நாள் வாயைத் திறந்தான். "அந்தக் குமாஸ்தா தப்பா எழுதிட்டானுங்க அண்ணி."

முன்னாலிருந்த அரிவாள்மணையைத் தள்ளி வைத்தேன். "அவன் தப்பா எழுதலை. நீ தப்பாப் படிச்சே. ரெண்டு பேரு கேக்கச் சொல்லியும் கேக்கலை. உன்ற மேனேஜர் வேலைக்கு மூணு பொம்பளைங்க பட்டினி கெடக்கணுமா? மரியாதையாப் போய் அந்த மில்லுக்காரன் கால்ல உழு. இல்லைன்னா அந்தக் கோட்டை எடுத்து அடுப்புல போட்டுருவேன்."

"முட்டி..."

"முட்டி போட்டுக்கிட்டே போ."

போனான். சங்ககிரி வரைக்கும் பஸ். அங்கிருந்து கெஞ்சி ஏறிய மாட்டுவண்டி. மில் வாசலில் காவல்காரனிடம், "மேனேஜர் வந்திருக்கேன்னு உள்ள சொல்லு" என்றிருக்கிறான். கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு அவனும் சலாம் வைத்துக் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே இருந்த மில் மேனேஜர் வெளியூர்க்காரர். "எந்த மில்லுக்கு மேனேஜர்?" என்று எழுந்து நின்று கேட்டிருக்கிறார். இவன் வெறுங்காலைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே நடந்ததை அவன் என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. கூடப் போன சின்னண்ணன் பிற்பாடு சொன்னான். முதலில் குமாஸ்தாவைத் திட்டினானாம். அப்புறம் தபாலைத் திட்டினானாம். அதற்கப்புறம்தான், "தப்பு என்னுதுங்க. எங்களுக்கு லீவுன்னா அமாவாசைங்க. கேட்டிருக்கோணும், கேக்கலீங்க. பையனைத் தண்டிக்காதீங்க" என்றானாம்.

மில் மேனேஜருக்குச் சிரிப்பு. "அமாவாசைக்கா லீவு? சந்திரன் இல்லாத அன்னிக்கு?" என்று கேட்டுவிட்டு, "சரி, எங்க டீமையே கூட்டிக்கிட்டு உங்க ஊருக்கு வரேன். ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு லீவு. ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லு" என்றார்.

நல்ல மனிதர். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இங்கே மற்றப் பத்துப் பேரும் கைவிரித்தார்கள். இவன் பேச்சைக் கேட்டுக் கோர்ட்டு மைதானத்தில் அசிங்கப்பட்டது அவர்களுக்குப் போதும். ஓமலூரிலிருந்து வந்து எங்கள் தெருவில் சாயப் பட்டறையில் வேலை செய்த மாதையன் என்பவன்தான் பார்வர்டு. அவன் நேராகவே சொன்னான். "உங்க பேச்சை நம்பி வேலை நாள்ல வேலையை உட்டுட்டு இனி ஒருக்கா வர மாட்டமுங்க. அமாவாசைன்னாச் சொல்லுங்க, வாரோம்."

மில்லுக்கு அமாவாசை ஆகாது. இவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆகாது. எங்கள் மேனேஜர் நடுவில் மாட்டிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் அவன் முதன்முதலாகத் தனக்குத் தெரியாத ஒன்றை ஒருவரிடம் போய்க் கேட்டான். கோயில் ஐயரிடம் பஞ்சாங்கத்தைப் புரட்டச் சொல்லி, அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வருவது எப்போது என்று கேட்டான். ஆடி இல்லை. ஆவணி இல்லை. புரட்டாசி, ஐப்பசியும் இல்லை. கார்த்திகைக் கடைசியில்தான் இரண்டும் சேர்ந்து வந்தது. தை பிறக்கக் கிட்டத்தட்ட ஒரு மாதம் இருக்கும்போது. அதைத் தேதி போட்டு, கிழமை போட்டு, அமாவாசை என்றும் போட்டு வாத்தியார் ஒருவரை எழுதச் சொல்லி மில்லுக்கு அனுப்பினான். அனுப்பும் முன் அதை மூன்று பேரிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொன்னான். நாலாவதாக என்னிடம் வந்தான். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதும் அவனுக்கு மறந்து போயிருந்தது. அந்தக் குறைக்காகவே அப்புறம் எழுத்துக் கற்றுக்கொண்டேன், அது வேறு கதை.

அந்த ஐந்து மாதமும் பெருமாயி வீட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு சட்டி களி போயிற்று. கொண்டுபோய்க் கொடுத்தவன் மேனேஜர். நான் சொல்லித்தான் போனான். தானாகத் தோன்றியது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரை மேடு சேறாகிவிட்டது. ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து கைலாசம் திருமணிமுத்தாற்றிலிருந்து மணல் சுமந்து கொட்டினான். எங்கள் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் எடுத்தவன் இல்லை. நொண்டிக் காலோடு தலையில் கூடையை வைத்துக்கொண்டு நாளைக்கு இருபது நடை நடந்தான். தெருவில் ஒருவரும் கைகொடுக்கவில்லை. "அமாவாசை மேனேஜர் வாராரு, வழிவுடுங்க" என்று சிரித்தார்கள். அந்தப் பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான். நானும் கைகொடுக்கவில்லை. நான் சிரிக்கவும் இல்லை, எனக்கு வேலை இருந்தது.

ஆட்டத்தன்றைக்கு வானம் வெளுத்திருந்தது. மில் ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் பூட்ஸ், ஒரே நிறத்தில் பனியன். நாங்கள் பெண்கள் நாலைந்து பேர் நீர்மோர்ப் பானையோடு ஓரத்தில் இருந்தோம். பெருமாயி பார்க்க மாட்டேன் என்று ஏரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

எப்போதும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கோட்டோரமாகக் கத்துகிறவன் அன்றைக்குக் கத்தவில்லை. குடையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். சின்னண்ணன் பந்தை வாங்குவதும் தெரியவில்லை, கொடுப்பதும் தெரியவில்லை. அவன் காலுக்குப் போன பந்து அடுத்த நொடி மறு கரையில் இருக்கும். அவன் கொடுத்த பந்தில் மாதையன் இரண்டு கோல் போட்டான். மில்காரர்கள் மூன்று போட்டார்கள். எங்கள் ஆட்கள் தோற்றார்கள்.

மில் மேனேஜர் மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார். "நல்ல ஆட்டம். அந்த நெட்டையனை அனுப்பிவை. ரெண்டு கோல் போட்டானே, அவன்தான் எனக்கு வேணும்."

நெட்டையன் என்றது மாதையனை. அவன் முகம் மலர்ந்துவிட்டது. சின்னண்ணன் குனிந்து காலிலிருந்த சேற்றை வழிக்க ஆரம்பித்தான். வழித்ததையே திரும்பத் திரும்ப வழித்தான். பெருமாயி அப்போதும் திரும்பவில்லை. ஆனால் காது இங்கேதான் இருந்தது, முதுகு சொன்னது.

"அவன் வேண்டாமுங்க" என்றான் கைலாசம்.

"என்னய்யா, கோல் போட்டவனை வேண்டாம்ங்கறே?"

"நானும் ஏழு வருசம் பார்வர்டுங்க. கோலுக்கு முன்னால யாரு வேணாலும் நிக்கலாமுங்க. நான் நின்னனே, என்னத்தக் கிழிச்சேன்? ஒரே கோலு. அதுவும் முதுகுல பட்டுப் போனதுங்க." அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். "உங்ககிட்டப் பூட்ஸ் போட்டு நிக்கறதுக்கு அஞ்சு பேரு இருக்காங்க. பந்து குடுக்கறவன் ஒருத்தன்கூட இல்லீங்க. இன்னிக்கு நீங்க போட்ட மூணு கோலும் எங்க பின்னால நிக்கற பேக்கு ஆளுங்க தப்புல வந்தது. எண்ணிப் பாருங்க."

மில் மேனேஜர் தன் டீமின் காப்டனைப் பார்த்தார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அது வாஸ்தவம்தான் சார்" என்றான்.

சின்னண்ணனுக்கு வேலை கிடைத்தது. தை பிறந்ததும் பள்ளிபாளையம் போனான். பெருமாயியின் மூத்த பெண் வசந்தாமணிக்கு அந்தத் தையிலேயே கல்யாணம் ஆயிற்று. பந்தலில் கைலாசத்துக்கு முன்வரிசையில் இலை போட்டார்கள். மாதையன் வரவில்லை. அவன் அதற்கு முன்பே ஓமலூருக்குப் போய்விட்டான். அங்கே அவனுக்கு மானாவாரி நிலம் இருந்தது, பட்டினி கிடக்கவில்லை. ஆனாலும் தன் வாய்க்கு வந்த சோற்றைத் தட்டிவிட்டவன் என்று இன்றைக்கும் கைலாசத்தின் முகத்தில் விழிப்பதில்லை. அவன் கோபமும் நியாயம்தான்.

இதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவனை நல்லவன் என்று எழுதிவிட்டிருப்பேன். மறு தீபாவளிக்குள் கதை மாறிவிட்டது. கோர்ட்டு மைதானத்துக்கு வேண்டுமென்றேதான் போகவில்லையாம். மில்காரனை அம்மாபேட்டைக்கே வரவழைக்கத் தான் போட்ட திட்டமாம். முதுகில் பட்ட கோலும் பழையபடி தலைக்கு ஏறிவிட்டது.

காப்டனும் பார்வர்டும் போனபின் டீம் என்ன ஆகும்? அடுத்த வருடம் ஏழு கோல் வாங்கித் தோற்றார்கள். அதற்கடுத்த வருடம் பதினோரு பேர் சேரவில்லை. பிறகு உலக யுத்தம் வந்தது. பந்துக்குள் வைக்கிற ரப்பர்ப் பை எங்கேயும் கிடைக்கவில்லை, நூலும் ரேஷன் ஆயிற்று. ஏரிக்கரை மேட்டில் யாரோ சோளம் போட்டுவிட்டார்கள். கைலாசம் மட்டும் மேனேஜராகவே இருந்தான். இருக்கிறான்.

இப்போது முட்டி மடங்குவதில்லை, குழியில் இறங்க முடியாது. வீட்டுக்குள் உட்கார்ந்து எங்களுக்குத் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கிற நூல் உருளை, சுற்றிக் கொடுக்கிறான். அதிலும் பாதி தளர்ச்சி. சின்னண்ணன் மில்லில் மேஸ்திரி ஆகிவிட்டான். முதல் இரண்டு வருடம் வந்து போனான், இப்போது தீபாவளிக்கு ஒரு கார்டு வரும். அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. கைலாசம் ஒருவனை அனுப்பிவிட்டான், இன்னொருவனைப் பகைத்துக்கொண்டான், மற்றவர்களுக்கு வயிற்றுப்பாடு. அவனைத் தேடி வருகிறவர் யாரும் இல்லை. அவன் கதையைக் கேட்க மிச்சம் இருப்பது நானும் என் வீட்டுக்காரரும்தான். அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அவர் தப்பித்தார்.

ஆகையால் சேலம் பக்கம் வருகிறவர்கள் அம்மாபேட்டைக்கு ஒரு நடை வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போங்கள். மேனேஜர் வீடு என்று கேட்டால் சின்னக் குழந்தையும் கைகாட்டும். சமையல் முடியட்டும், பத்து மணிக்கு மேல் வாருங்கள். தின்பண்டம் எதுவும் வாங்கி வர வேண்டாம். சொல்வதில் பாதி பொய் என்று உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள், அந்த வேலைக்கு நான் இருக்கிறேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். மோர் தருகிறேன். கட்டாயம் வாருங்கள்.